கொலுப் படியும் சாய்வு வெட்டும்

புரட்டாசி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே மயூர் விஹார் அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "இந்த வருஷம் இரும்புப் படி வேண்டாம், மரத்திலேயே செய்துவிடலாம் என்று பார்க்கிறோம். பலகை வாங்கியாயிற்று, மிஷினும் வாங்கியாயிற்று. அந்தக் கோணத்தை மட்டும் எப்படி வெட்டுவது என்று சொல்லுங்கள்." மிஷின் என்றால் மின்ரம்பம். முன்பெல்லாம் மிஸ்திரியின் மூட்டைக்குள் மட்டுமே இருந்த அந்தச் சாமான் இப்போது பிரஷர் குக்கரைப் போல அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது. வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் நேர் வெட்டை ஒழுங்காக வெட்டத் தெரிந்தவர்கள்கூடச் சாய்வு வெட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அது ஏன், எப்படித் தவிர்ப்பது என்பதைத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சாய்வு வெட்டு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. பலகையை மேலிருந்து பார்த்தால் கோடு குறுக்காகச் சாய்ந்து போவது ஒன்று. படச் சட்டத்தின் நான்கு மூலைகளும் இந்த வகை. பிளேடையே சாய்த்து, பலகையின் விளிம்பு சரிவாக வருமாறு வெட்டுவது இரண்டாவது. இந்த இரண்டும் ஒரே வெட்டில் சேர்ந்து வருவது மூன்றாவது. பூஜை மண்டபத்தின் கூம்பு மேற்கூரைக்கு இது வேண்டியிருக்கும். மூன்றாவதை முதல் முயற்சியிலேயே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொலுப் படிக்கு முதல் வகையே போதும்.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் உயரம் 8 அங்குலம், அகலம் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் 40, மொத்த நீளம் 50. இரண்டு பக்கமும் சாய்வாக நிற்கும் பக்கப் பலகையின் நீளம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்குப்படி 64 அங்குலம். அந்தப் பலகை தரையோடு செய்யும் கோணம் 39 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. பலகையின் கீழ் நுனி தரையில் ஒட்டி உட்கார வேண்டும், மேல் நுனி சுவரில் ஒட்டி நிற்க வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டு சாய்வு வெட்டு, இரண்டு பலகைக்கு மொத்தம் நான்கு.

இந்தக் கோணத்தைக் குறிப்பதற்கு டிகிரியே வேண்டாம். நம் ஊர்த் தச்சர் மூலைமட்டம் என்றும் தில்லி மிஸ்திரி குனியா என்றும் சொல்லும் கருவியைப் பலகை விளிம்பில் வையுங்கள். ஒரு கையில் 8 அங்குலக் குறியும் மறு கையில் 10 அங்குலக் குறியும் விளிம்பைத் தொட வேண்டும். 10 அங்குலக் கையை ஒட்டிப் போடும் கோடு தரைக்கு, 8 அங்குலக் கையை ஒட்டிப் போடும் கோடு சுவருக்கு. மரப் படிக்கட்டு கட்டுகிறவர்கள் காலகாலமாகச் செய்யும் வழி இது.

வம்பு தொடங்குவது மிஷினின் டிகிரித் தட்டைப் பார்க்கும்போதுதான். மைட்டர் ரம்பம் என்று ஒரு வகை உண்டு: மேஜை மேல் உட்கார்ந்திருக்கும், கைப்பிடியை அழுத்தினால் பிளேடு இறங்கி வெட்டும். அதன் தட்டில் பூஜ்யம் என்று இருப்பது நேர்க்குறுக்கு வெட்டு. அதாவது, நாம் கோணத்தைப் பலகையின் விளிம்பிலிருந்து அளக்கிறோம். மிஷினோ நேர்க்குறுக்குக் கோட்டிலிருந்து அளக்கிறது. ஆகவே 39 டிகிரியில் வர வேண்டிய தரை வெட்டுக்குத் தட்டை 39-ல் வைத்தால் தப்பு. 90-ல் 39 போக 51-ல் வைக்க வேண்டும். சுவர் வெட்டுக்குத்தான் 39. பலகை வீணாகப் போவதற்கு இந்தக் குழப்பம் போதும். கை வீணாகப் போவது அடுத்த கட்டத்தில்.

பெரும்பாலான மைட்டர் ரம்பங்கள் 45 டிகிரிக்கு மேல் கொஞ்சம்தான் திரும்பும். 51 வருவது துர்லபம். அப்போது சிலருக்கு ஒரு யோசனை தோன்றும்: பலகையை மிஷினின் பின்தடுப்பில் சாய்த்து வைக்காமல், கையாலேயே குத்துமதிப்பாகத் திருப்பிப் பிடித்து வெட்டிவிடலாம் என்று. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். பின்தடுப்பில் ஒட்டாத பலகையைப் பிளேடு தொட்ட மாத்திரத்தில் பலகை சுழன்றுகொள்ளும். பிடித்திருக்கும் கையையும் சேர்த்துப் பிளேடை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். கையை எடுக்க நேரமே இருக்காது.

இதற்கு மூன்று நல்ல வழிகள் உண்டு. உயரத்தையும் அகலத்தையும் சமமாக்கிவிடுவது ஒன்று. 9 அங்குலம் உயரம், 9 அங்குலம் அகலம் என்று வைத்தால் இரண்டு வெட்டும் 45 டிகிரியாகிவிடும், பக்கப் பலகையின் நீளமும் ஏறக்குறைய அதே 64 அங்குலம்தான். சின்னப் பொம்மைகளுக்கு 9 அங்குல அகலம் தாராளம். மரப்பாச்சியும் செட்டியாரும் சௌகரியமாக உட்காருவார்கள். இரண்டாவது, பலகையை மேஜை மேல் படுக்க வைத்துச் சிகஞ்சா போட்டு இறுக்கி, போட்ட கோட்டுக்கு இணையாக ஒரு நேர்ச்சட்டத்தையும் இறுக்கி, கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தை அந்தச் சட்டத்தை ஒட்டியே நகர்த்துவது. இதில் 51 டிகிரியும் ஒன்றுதான், 30 டிகிரியும் ஒன்றுதான். மூன்றாவது வழியைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்: கைரம்பம். மொத்தமே நான்கு வெட்டு! நல்ல ரம்பமாக இருந்தால் அரை மணி நேர வேலை. மிஷின் வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் அதில்தான் வெட்ட வேண்டும் என்று சட்டமில்லை.

மிஷின் என்று நான் சொல்வது ஒன்று, நம் வீடுகளில் உண்மையில் ஓடுவது வேறொன்று. தில்லிக் குடியிருப்புகளில் அலமாரி, கதவு, சமையலறை மேடைக் கதவு வேலை நடக்கும்போது போய்ப் பாருங்கள். மிஸ்திரி கையில் இருப்பது அநேகமாக மார்பிள் கட்டராக இருக்கும். கல் வெட்டுவதற்காகச் செய்த 4 அங்குல மிஷினில் பல் வைத்த மரப் பிளேடைப் பூட்டியிருப்பார். இன்னும் சிலர் வெல்டிங் கடையில் பார்க்கும் கிரைண்டரிலேயே மரப் பிளேடைப் பூட்டிவிடுகிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, ஒரே மிஷினில் டைல், பிளைவுட், அலுமினியம் எல்லாம் வெட்டலாம் என்பதுதான் காரணம்.

என்ன ஆபத்து? கல் வெட்டும் பிளேடுக்குப் பல் கிடையாது, தேய்த்துத்தான் வெட்டும். மரப் பிளேடின் பல் மரத்தைக் கவ்வும். மார்பிள் கட்டர் நிமிஷத்துக்கு 12,000 சுற்று வரை சுற்றுகிறது. 110 மில்லிமீட்டர் பிளேடின் விளிம்பு அந்தச் சுற்றில் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; ராஜதானி எக்ஸ்பிரஸின் உச்ச வேகத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வேகத்தில் பல் மரத்தில் சிக்கினால் மிஷின் பின்னோக்கி எகிறும். மரத்துக்கென்றே செய்த வட்ட ரம்பத்தில் பிளேடின் கீழ்ப்பாதியை மூடும் ஸ்பிரிங் கார்டு உண்டு. மரத்தை விட்டு வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. வேலை முடிந்து கீழே வைத்த பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே தரையில் ஊர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கிரைண்டரில் அடித்தட்டுகூட இல்லை. பல் வைத்த பிளேடை மாட்டக் கூடாது என்று அதன் கையேடுகளிலேயே அச்சிட்டிருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

எங்கள் பக்கத்து பிளாக்கில் சில வருஷங்களுக்கு முன் ஒரு கிருகப்பிரவேசத்துக்காக வேலை நடந்தது. மிஸ்திரி இருபத்திரண்டு வயதுப் பையன். மறுநாள் காலை முகூர்த்தம், ராத்திரிக்குள் பூஜை அறைச் சட்டம் நின்றாக வேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். பையன் குந்தி உட்கார்ந்து, கட்டையை இடது பாதத்தால் அழுத்திக்கொண்டு, 45 டிகிரியில் வெட்டிக்கொண்டிருந்தான். சாய்ந்த வெட்டில் கட்டை நழுவியது, கட்டர் எகிறியது, இடது கையில் இரண்டு விரல். ஒன்றை மருத்துவர்கள் சேர்த்துவிட்டார்கள், மற்றொன்று போயிற்று. பிற்பாடு ஒருநாள் அவனைப் பார்த்து, கார்டு உள்ள மிஷின் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "ஸாப், கார்டு இருந்தா கோடு தெரியாது. அதோட, ரெண்டாவது மிஷினைத் தூக்கிட்டு நாலு மாடி யார் ஏறுவா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் கூலிக்காரன், லிஃப்ட் இல்லாத கட்டிடம், தலைக்கு மேல் நின்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரர். கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் ரத்தக்கறை தெரியாமலிருக்க ஜமக்காளம் விரித்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆகையால் மிஸ்திரியை வைத்து வேலை செய்விப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சாய்வு வெட்டுகளை எல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, பலகை வாங்கும் இடத்திலேயே மேஜை ரம்பத்தில் வெட்டி வாங்கிவிடலாம். கீர்த்தி நகர் மரச்சந்தையில் வெட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் மயூர் விஹார் ஸ்டேஷனில் ஏறினால் நீல வழி மெட்ரோ மாறாமலே அங்கே கொண்டுபோய் விடும். (திரும்பி வரும்போது பலகையோடு மெட்ரோவில் ஏற முடியாது, டெம்போதான்.) அப்படி முடியாதென்றால், வீட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு மேஜையும் இரண்டு சிகஞ்சாவும் கொடுங்கள். தரையில் காலால் அழுத்திக்கொண்டு வெட்ட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வெட்டு வேலையே வைக்காதீர்கள். நல்ல நேரம் பார்ப்பவர்கள் இதையும் பார்க்கலாம்.

இனி, தாமே வெட்டப் போகிறவர்களுக்கு.

கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் பிளேடு பலகையின் கனத்தைவிட 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டுமே கீழே இறங்கும்படி வையுங்கள். பிளேடைச் சாய்த்தால் ஆழம் குறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஏழேகால் அங்குல ரம்பம் நேராக 65 மில்லிமீட்டர் வெட்டுமானால், 45 டிகிரி சாய்த்தபின் சுமார் 45 மில்லிமீட்டர்தான் வெட்டும். சாய்வாக விளிம்பில் நுழையும்போது அந்த ஸ்பிரிங் கார்டு பலகையில் தட்டி நிற்பது உண்டு. தொந்தரவாக இருக்கிறதே என்று கார்டைத் திறந்த நிலையில் ஒரு மரச்சில்லைச் செருகியோ கம்பியால் கட்டியோ வைப்பவர்கள் ஏராளம். மின்ரம்பத்தில் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட மோசமானது வேறில்லை என்பேன். கார்டுக்கென்று சின்ன நெம்பு ஒன்று மிஷினிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் அதைத் தூக்கிவிட்டு, பிளேடு மரத்துக்குள் போனதும் விட்டுவிட வேண்டும்.

வெட்டுப்பட்டு விழ வேண்டிய துண்டு தானாகக் கீழே விழ வேண்டும். பலகையின் இரண்டு நுனிகளையும் இரண்டு நாற்காலியில் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு முடியும் தருவாயில் பலகை மடிந்து பிளேடைக் கவ்வும். மிஷின் உங்களை நோக்கித் திரும்பி வரும். ஆகவே நீங்கள் பிளேடின் நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். இந்த ரம்பத்தின் பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால் மேல்பக்கம் சிம்பு எழும். நல்ல முகம் கீழே இருக்கட்டும். மைட்டர் ரம்பத்துக்கு இது தலைகீழ், நல்ல முகம் மேலே.

மைட்டர் ரம்பத்தில் பிளேடிலிருந்து கை குறைந்தது 6 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். துண்டு சின்னதாக இருந்து கை அதற்குள் வர வேண்டியிருந்தால் கையால் பிடிக்கவே கூடாது, சிகஞ்சாதான். நீளக் கட்டையிலேயே கோணத்தை வெட்டிக்கொண்டு அதன்பின் துண்டாக்குவது இன்னும் புத்திசாலித்தனம். ஒரு கையின் மேல் மறு கை குறுக்கே போகக் கூடாது. கோணத்தில் வெட்டும்போது பிளேடு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் அது நழுவுவதால்தான் மூலை சேராமல் போகிறது. விரல் நெருங்குவதும் அதனால்தான். பின்தடுப்பில் ஒரு உப்புத்தாளை ஒட்டிவிட்டால் நழுவாது. வளைந்த கட்டையாக இருந்தால் புடைத்த பக்கம் பின்தடுப்பில் ஒட்ட வேண்டும். மாற்றி வைத்தால் வெட்டும் இடத்தில் இடைவெளி விழுந்து, முடிவில் கட்டை பிளேடை நெரிக்கும்.

பிளேடைச் சாய்க்கும் வெட்டில் மோட்டார்த் தலை முழுதும் ஒரு பக்கமாகச் சாயும். பழக்கத்தில் கை வைக்கும் இடம் அப்போது பத்திரமான இடமாக இருக்காது. ஆகவே கோணத்தை மாற்றியதும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலையைக் கையால் மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள். பிளேடு பின்தடுப்பில் இடிக்கிறதா, சிகஞ்சாவில் இடிக்கிறதா, கை எங்கே இருக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். பிறகு பிளக்கைச் செருகி, பிளேடு முழு வேகம் பிடித்தபின் இறக்க வேண்டும். வெட்டியானதும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். சுற்றும்போதே தூக்கினால் சின்னத் துண்டு பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் சிக்கிக் கண்ணுக்கு நேராகப் பறக்கும். இரும்பு வெட்டும் 14 அங்குல மிஷினும் பார்வைக்கு மைட்டர் ரம்பம் போலவே இருக்கும். அதில் மரப் பிளேடை மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது.

தஞ்சாவூர்ப் படத்துக்குச் சட்டம் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி குறைந்தால்கூட மொத்தம் 4 டிகிரி குறையும்; இரண்டு அங்குல அகலச் சட்டத்தில் கடைசி மூலையில் 5 மில்லிமீட்டர் வாய் பிளக்கும். வேண்டாத கட்டையில் இரண்டு துண்டு வெட்டிச் சேர்த்து, குனியாவில் வைத்துப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் தெரிந்தால் தட்டை நம்பாமல் திருத்துங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் அணுவும் பிசகக் கூடாது. நீளத்தைக் குறைக்க மயிரிழை மயிரிழையாகச் சீவுவது என்று ஒரு ஆசை வரும். அந்த மெல்லிய சீவல்தான் பறப்பதில் முதலிடம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டும்.

கையுறை வேண்டாம். சுற்றும் பிளேடு கையுறையின் நூலைப் பிடித்தால் கையையும் இழுத்துக்கொள்ளும். லுங்கி, துப்பட்டா, மணிக்கட்டில் கட்டிய காசிக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதி. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. முகமூடி நம் எல்லோர் வீட்டிலும் மிச்சம் இருக்கிறது; தில்லிக் காற்றுக்கென்று வாங்கியதே இதற்கும் உதவும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 1,400 வாட் ரம்பம் 6 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் போடாமல் 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள். ஒயரை நேராக ஓட்டையில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்துவிட்டார்களே என்று அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். ஸ்டீபன் காஸ் என்ற வழக்கறிஞர், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், விரல் பட்டதும் சில மில்லி விநாடிகளில் நின்றுவிடும் பிளேடை 1999-ல் உருவாக்கினார். விரலுக்குப் பதில் ஒரு தொத்திறைச்சித் துண்டை வைத்துத்தான் அதைப் பலருக்கும் காட்டினார்கள். 2004 முதல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் அது மேஜை ரம்பத்துக்கான ஏற்பாடு. நம் கையில் இருக்கும் கட்டருக்கு இல்லை.

அசம்பாவிதம் நேர்ந்தால்: காபிப் பொடி, மஞ்சள் பொடி அப்பக் கூடாது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். விரல் துண்டானால் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது, விரலைத் தண்ணீரில் ஊறப் போடவும் கூடாது. பதற்றத்தில் காபி, தண்ணீர் கொடுக்காதீர்கள்; மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். 112-க்குப் போன் செய்யுங்கள். நமக்கு அருகில் கிச்சரிபூரில் லால் பகதூர் சாஸ்திரி ஆஸ்பத்திரி இருக்கிறது. விரலைச் சேர்க்கும் நுண்ணறுவை எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதில்லை. எங்கே நடக்கிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே விசாரித்து, போன் நம்பரைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

படிகளை ஆணி அடித்து நிரந்தரமாக்க வேண்டாம். பக்கப் பலகையில் கட்டைகளை போல்ட் போட்டு முடுக்கி, ஒவ்வொரு படிக்கும் அதன் கட்டைக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். படி நான்கு அடிக்கு மேல் நீளமானால் நடுவில் ஒரு முட்டும் அவசியம். மண் பொம்மை கனம் அதிகம். விஜயதசமி கழிந்து பொம்மைகளைப் பெட்டியில் வைத்தபின் எல்லாவற்றையும் பிரித்தால், 64 அங்குலப் பலகை ஆறடிக் கட்டிலின் அடியில் தாராளமாகப் போகும்.